கடைசிப் போர்ட்டில் அப்பா

ஹோரியாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவன் முழங்கால்களுக்கு மட்டும் எழுபது இருக்கும். பெத்ரிலாவில் அவன் ஏறாத மாடி கிடையாது. ஒரு காலத்தில் இந்தச் சுரங்க ஊரின் அடுக்குமாடி பிளாக்குகளுக்கு நடுவே, கூரைக்குக் கூரை வயரை வீசிக் கட்டி, ஊருக்கே இன்டர்நெட் கொடுத்த பயல்களில் அவனும் ஒருவன். அப்போது அது விளையாட்டு. பிறகு பெரிய கம்பெனிகள் வந்தன, அந்த வயர்களையெல்லாம் வெட்டிப் போட்டன. கூட இருந்த பயல்கள் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இவன் மட்டும் ஏணியைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டான். கேமரா மாட்டுவான், கதவு மணி மாட்டுவான், யார் எதைக் கேட்டாலும் மாட்டுவான். மாலையில் வீட்டுக்கு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுவான்.

ஏன் போகவில்லை என்று கேட்காதவர்கள் இல்லை. அப்பாவால்தான், வேறென்ன. அங்கெல் கிழவர் முப்பது வருஷம் பூமிக்கு அடியில் நிலக்கரி வெட்டியவர். நுரையீரல் முழுக்கக் கல்தூசி. இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது வார்த்தைக்கு மூச்சு வாங்கும். ஹோரியாவின் மனைவி ஸம்ஃபீராவோ இத்தாலியில், யாரோ ஒரு பணக்காரக் கிழவிக்குச் சோறு ஊட்டி, கால் கழுவிவிட்டுக் கொண்டிருக்கிறாள். அங்கே அந்தக் கிழவிக்கு இவள், இங்கே இவள் மாமனாருக்கு முதியோர் இல்லத்துத் தாதி வெதா. என்ன கணக்கோ இது, கடவுளுக்கே வெளிச்சம்.

இல்லம் ஊர்க்கோடியில், ஆற்றைத் தாண்டி. அங்கெல் கிழவருக்கு மாடியில் கடைசி அறை. அதற்கு நேர் கீழேதான் எல்லாரும் உட்கார்ந்து டிவி பார்க்கிற கூடம். அவருக்கு ஏதாவது ஒன்று ஆனால் கத்திக் கூப்பிடத் தெம்பு கிடையாது. ஹோரியாவை அரித்த கவலை அது ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு அறையிலும் கூப்பிடு பொத்தான் வைக்கப் போகிறோம் என்று இல்லத்தின் டைரக்டர் கோர்னெலியா சொன்னபோது, இந்த வேலையை நானே செய்கிறேன் என்று முந்திக்கொண்டு நின்றான்.

பொத்தான்கள் நல்ல சாமான். சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு ஸ்பீக்கர், தரைவரை தொங்கும் சிவப்புக் கயிறு. இழுத்தால் வெதாவின் மேஜையில் மணி அடிக்கும். இன்டர்நெட் வயரிலேயே கரண்டும் வந்துவிடுவதால் தனியாகப் பிளக் வேண்டாம். வாசலிலும் முற்றத்திலும் மாட்டப்போகிற கேமராக்களும் அதே ரகம். எல்லா வயரும் மாடிப்படி அடியில் ஒரு அலமாரிக்குப் போய், அங்கே இருக்கும் ஒரே சுவிட்ச் பெட்டியில் சொருகிக்கொள்ளும். கரண்டைப் பங்கு போடுவது அந்தப் பெட்டி. எந்தப் பெட்டியை வாங்குவது என்பதில்தான் பேச்சு.

ஜூலை மாதம். கோர்னெலியா மேடம் கழுத்தில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் ஹோரியா, ரெண்டு பெட்டியிலயும் இருபத்துநாலு ஓட்டைதானே இருக்கு? இது மட்டும் எதுக்கு ரெட்டை விலை?"

"ஓட்டை சமம்தான் மேடம். உள்ள இருக்கிற சரக்குதான் வேற. இருபத்துநாலு பேருக்குத் தட்டு வச்சிடலாம். சட்டியில சூப் அத்தனை பேருக்கு இருக்கான்னு பாக்க வேண்டாமா?"

"எல்லாரும் ஒரே நேரத்துல வயிறு முட்டவா குடிக்கப் போறாங்க?"

"அதைத்தான் அளந்து பாக்கணும்."

"அப்ப அளந்து பாருங்க. எனக்குக் கூரை வேற ஒழுகுது. முனிசிபாலிட்டிக்காரன் என்னைப் பாத்தாலே பேன்ட் பாக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடறான்."

அளந்தான். பழைய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் சொருகி, நடுமதிய வெயிலில் அளந்தான். கேமராக்கள் சிட்டுக்குருவி தண்ணீர் குடிப்பதுபோல ஆளுக்குக் கொஞ்சம் உறிஞ்சின. பொத்தான்கள் அதைவிடக் கம்மி. சின்னப் பெட்டியே போதும், இன்னும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. மேடம் முகம் மலர்ந்துவிட்டது.

ஆனால் ஹோரியாவுக்குத் தெரியாதா? இருட்டினால் அந்தக் கேமராக்கள் கண்ணுக்குத் தெரியாத விளக்கு ஒன்றைப் போட்டுக்கொள்ளும். கடுங்குளிர் வந்தால் கண்ணாடி உறையாமலிருக்கத் தம்மைத் தாமே சூடுபடுத்திக்கொள்ளும். அப்போது குடிப்பது குருவிக் குடி இல்லை, மாட்டுக் குடி. எவ்வளவு என்று அட்டைப்பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தான். மனசுக்குள்ளேயே கூட்டிப் பார்த்தான். சின்னப் பெட்டியின் விளிம்பில் போய் முட்டியது. மேடத்திடம் திரும்பிப் போய், "வேண்டாம், பெரிய பெட்டிதான் வேணும், அளந்தது வெயில் கால அளவு" என்று சொல்லியிருக்க வேண்டும். அன்று காலையிலிருந்து மூன்று கூரை ஏறி இறங்கியிருந்தான். திரும்ப அந்த அறைக்குப் போனால் மறுபடியும் முதலிலிருந்து பேச வேண்டும், கூரை ஒழுகலைக் கேட்க வேண்டும்.

"இப்படியும் ஓடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் வாயில் முதலில் வருகிற வார்த்தை இதுதான். லிஃப்ட் கதவு மூடாவிட்டால் இப்படியும் ஓடும். சுரங்கத்தில் கூரையைத் தாங்கும் முட்டு கோணியிருந்தால் இப்படியும் ஓடும். பெண்டாட்டி ஒரு நாட்டில், புருஷன் ஒரு நாட்டில், இப்படியும் ஓடும். ஓடத்தான் செய்கிறது, பாழாய்ப்போனது, ஓடாமல் போகிற நாள் வரைக்கும்.

வயர் இழுக்கும்போது வாசல் கேமராவில் தொடங்கினான். கேமராக்கள் பெட்டியின் முதல் ஓட்டைகளில், அதாவது முதல் போர்ட்டுகளில், போயின. பிறகு கீழ்த்தள அறைகள், பிறகு மாடி. வெதா காப்பி கொண்டுவந்து ஏணிக்குக் கீழே நின்றாள். நாற்பது வயது, குரல் ஊருக்கே கேட்கும்.

"என்ன ஹோரியா அண்ணே, எல்லா ரூமும் முடிஞ்சுது, உங்க அப்பா ரூமை மட்டும் தொடவே இல்லையே? சண்டையா?"

"நம்ம வீட்டு ஆளுக்கு முதல்ல போட்டா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க வெதா. விருந்தாளிங்க சாப்பிடட்டும், வீட்டுக்காரன் கடைசில சாப்பிட்டா போதும்."

அப்படித்தான் அவனை வளர்த்திருந்தார்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிடுவாள் அவன் அம்மா. அந்தப் பழக்கத்தில் அப்பாவின் வயர் இருபத்துநாலாவது போர்ட்டில் போய் உட்கார்ந்தது. கரண்ட் பற்றாமல் போனால் யாரை முதலில் கைவிடுவது என்று பெட்டிக்கு நாம் சொல்லிவைக்கலாம். சொல்லாவிட்டால் அது கடைசி எண்ணிலிருந்து வெட்டும். குளிர் வருவதற்குள் உட்கார்ந்து சொல்லிவைத்துவிடலாம் என்று தள்ளிப்போட்டான்.

கிழவர் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, மின்சார மந்திரி... என்னைக் கடைசி பெஞ்சுல... உக்கார வச்சுட்ட போல."

"கடைசி பெஞ்சுக்கும் அதே கரண்ட்தான்பா. கயித்தை இழுத்துப் பாருங்க."

இழுத்தார். வெதா மூச்சிரைக்க மாடிக்கு ஓடி வந்தாள். "என்ன, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல... நீ எவ்வளவு வேகமா ஓடுறேன்னு... பாத்தேன்."

"நல்லா வருது வாயில! உங்களுக்கு மூச்சு இல்லாதப்பவே இந்தக் குறும்பு, இருந்திருந்தா இந்தக் கட்டடம் தாங்காது!" என்று திட்டிக்கொண்டே போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். ஹோரியா அன்று வீட்டுக்குப் போய், ரொம்ப நாளைக்குப் பிறகு, விடியும்வரை எழாமல் தூங்கினான்.

கிழவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அது அவருக்கு மட்டுமில்லை, பிளாக்கில் குடியிருந்த எல்லாருக்கும் உண்டு. அடுத்த வீட்டுக்காரன் சத்தமாகப் பாட்டு வைத்தால் போய்க் கதவைத் தட்டுவதில்லை. எல்லா மாடிக்கும் ஊடே போகிற வெந்நீர்க் குழாயை எதையாவது எடுத்து 'டொக் டொக்' என்று தட்டுவது. எவன் தட்டினான் என்று தெரியாது, மூஞ்சியில் முழிக்க வேண்டாம், சண்டை வராது. தட்டு கேட்டதும் மரியாதையுள்ளவன் சத்தத்தைக் குறைப்பான். இல்லத்துக்கு வந்த பிறகும் கூடத்தில் டிவி அலறினால் கிழவர் சாப்பிடுகிற ஸ்பூனால் தன் அறைக் குழாயைத் தட்டுவார். கீழே எல்லாரும் சிரித்துக்கொண்டே குறைப்பார்கள். 'சுரங்கத்து போலீஸ்' என்று அவருக்குப் பேரே வைத்துவிட்டார்கள்.

இலையுதிர் காலம் மழையோடு போயிற்று. டிசம்பரில் ஒரு வாரம் சோம்பலாய் ஈரப்பனி பெய்தது. பெட்டிக்குச் சொல்லிவைக்க வேண்டிய வேலையை ஹோரியா மறக்கவில்லை, ஒவ்வொரு முறை இல்லத்துக்கு வரும்போதும் நினைப்பான். அப்புறம் எங்காவது ஒரு பிளாக்கில் கதவு மணி கெட்டுப்போயிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் இல்லத்தில் விருந்து. வாசல் கேமராவில் படம் ஆடுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். ஏணி போட்டு, விரல் மரத்துப்போகக் கம்பியை இறுக்கிவிட்டு ஹோரியா இறங்கும்போது சூரியன் மலைக்குப் பின்னால் விழுந்துவிட்டது. அதோடு குளிரும் தொப்பென்று இறங்கியது. அந்தக் குளிர்காலத்தின் முதல் கடுங்குளிர். மூக்கு முடிகூட உறைந்தது.

"எங்க ஓடுறீங்க? ஒரு தட்டு சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கோர்னெலியா மேடம் அவன் தோளைப் பிடித்துக் கூடத்துக்குள் தள்ளினாள். முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறி, மேலே தயிராடை, இனிப்பு ரொட்டி. ஸ்பீக்கரில் கிறிஸ்துமஸ் பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கிழவிகள் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஹோரியாவுக்கு மாடி ஏறி அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. முழங்கால் கெஞ்சியது. சாப்பிட்டுவிட்டு ஏறலாம் என்று ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலியில் சரிந்தான்.

அப்போதுதான் குழாய் பேசியது. டொக். டொக். டொக்.

கூடமே சிரித்தது. "போலீஸ் வந்தாச்சு! போலீஸ் வந்தாச்சு!" என்றாள் ஆடிக்கொண்டிருந்த கிழவி.

"எங்கப்பாவுக்கு ஒரு நாளும் கிழமையும் கிடையாது, மன்னிச்சிடுங்க" என்று ஹோரியா எல்லாரையும் பார்த்துச் சொன்னான். கை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தான்.

கொஞ்ச நேரம் போயிற்று. மறுபடியும் டொக், டொக். இந்தத் தடவை மெதுவாக.

"ஐயோ, இதுக்கு மேல குறைச்சா எங்களுக்கே கேக்காதே" என்றாள் வெதா.

"விடு வெதா, வயசான காலம்." இன்னும் குறைத்தான். பாட்டு முணுமுணுப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு குழாய் தட்டவில்லை.

"ஆச்சு, அடங்கியாச்சு" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் தட்டில் குனிந்தார்கள். ஹோரியாவுக்கு அந்த அமைதி அத்தனை இதமாக இருந்தது. நாள் முழுக்கக் காதில் காற்றும் துளைப்பான் சத்தமும் கேட்டவன். அந்த முணுமுணுப்பும் எதற்கு என்று தோன்ற, பாட்டை அடியோடு நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினான். இல்லத்தின் சூட்டில் அப்படியே ஒரு தூக்கம் போட்டான்.

வெதாவின் அலறலில்தான் விழித்தான். அவள் கிழவருக்குத் தட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருந்தாள்.

அங்கெல் குழாயோரம் தரையில் கிடந்தார். ஒரு கால் மடங்கக்கூடாத திசையில் மடங்கியிருந்தது. ஒரு கையில் ஸ்பூன். இன்னொரு கையில் சிவப்புக் கயிறு, இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். சுவர்ப் பெட்டியில் எப்போதும் எரிகிற பச்சைப் புள்ளி இல்லை. கண் திறந்துதான் இருந்தது. மகனைப் பார்த்தார். மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தது.

ஆம்புலன்ஸ் வருகிறவரை ஹோரியா அவர் தலையைத் தொடையில் வைத்துக்கொண்டிருந்தான். அவரைத் தூக்கி ஏற்றிவிட்டு, கோட்டு எடுக்க உள்ளே வந்தவன் மாடிப்படி அடியில் நின்றான். அலமாரியைத் திறந்தான். பெட்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது, இனி கொடுக்க என்னிடம் இல்லை என்று அர்த்தம். இருபத்துமூன்று பச்சைப் புள்ளிகள். இருபத்துநாலாவது இருட்டு. வாசல் கேமராவின் வயரைப் பிடித்துப் பிடுங்கினான். ஒரு மூச்சு விடுகிற நேரம். இருபத்துநாலாவது புள்ளி பச்சையாக எரிந்தது.

கோர்னெலியா மேடம் பின்னால் வந்து நின்றாள். "பெட்டி கெட்டுப்போச்சா?"

"இல்ல மேடம். பெட்டி அதோட வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு."

"நான்தானே சின்னது போதும்னு..."

"நீங்க அளந்து பாருங்கன்னு சொன்னீங்க. ஜூலைல அளந்தது நான்." அலமாரிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். ஐம்பத்திரண்டு வயது ஆள், மூக்கு ஒழுக ஒழுக, வெட்கமில்லாமல்.

அன்று ஸம்ஃபீரா போனில் கேட்டாள், "நீ எங்க இருந்த?" என்று. குத்திக்காட்டவில்லை, சும்மாதான் கேட்டாள். "கீழ" என்றான். "கீழயேதான் இருந்தேன்."

இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு கூடிவிடும், நுரையீரல்தான் என்னமோ என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். நாலைந்து நாள் கழித்துக் கிழவருக்கு வாய் வந்தது. ஹோரியா கட்டில் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

"கயித்தை இழுத்தேன்டா... நிறைய இழுத்தேன்."

"தெரியும்பா. அது செத்துப்போயிருந்துச்சு. என் தப்பு."

"அது கிடக்குது." மூச்சு வாங்கினார். "பாட்டு கேட்டுச்சு... குழாய் வழியா. உங்கம்மாவுக்குப் பிடிச்ச பாட்டு. ஆளுங்க பக்கத்துலதான் இருக்காங்கன்னு... ஒரு தைரியம். தட்டினேன்... குறைச்சிட்டீங்க."

ஹோரியா ஆரஞ்சைக் கீழே வைத்தான்.

"திரும்பத் தட்டினேன்... இன்னும் குறைச்சிட்டீங்க."

"அப்புறம் ஏன்பா தட்டலை? இன்னும் ரெண்டு தட்டு தட்டியிருந்தா நானே மேல வந்திருப்பேனே?"

கிழவர் கூரையைப் பார்த்தார். "இன்னொரு தடவை தட்டினா... மொத்தமா நிறுத்திடுவீங்களோன்னு... பயந்துட்டேன்டா. அந்தப் பாட்டு ஒண்ணுதான்... துணையா இருந்துச்சு." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் போய் வந்தது. "அப்படியும் நிறுத்திட்டான்... எவனோ ஒருத்தன்."

ஹோரியா சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"நான்தான்பா."

கிழவர் கையை நகர்த்தி, மகனுடைய வெடித்த விரல்கள்மேல் வைத்தார். "அலுப்பா இருந்திருப்ப" என்றார்.

பிப்ரவரியில் அந்த நுரையீரலுக்குச் சளிக் காய்ச்சல் வந்தது. அவர் இல்லத்துக்குத் திரும்பவில்லை. அடக்கத்துக்கு ஸம்ஃபீரா வந்தாள், அந்த இத்தாலிக் கிழவியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடைக்காததால் மூன்றாம் நாளே கிளம்பினாள்.

கோர்னெலியா மேடம் எங்கெங்கோ முட்டி மோதிப் பெரிய பெட்டியை வாங்கிவிட்டாள். ஹோரியாதான் போய் மாட்டினான். கரண்ட் பற்றாவிட்டால் வாசலும் முற்றமும் முதலில் போகட்டும், அறைகள் கடைசிவரை இருக்கட்டும் என்று அன்றைக்கே, உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவைத்தான். மாடிக் கடைசி அறையின் வயரை முதல் போர்ட்டில் சொருகினான். அங்கே இப்போது ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் இருக்கிறார். நன்றாகக் கத்துவார், மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போதெல்லாம் யாராவது பெட்டி வாங்க யோசனை கேட்டால், "ஓட்டையை எண்ணாதீங்க, ஜனவரி மாச சாயங்காலத்தை நினைச்சுக் கூட்டுங்க" என்பான். கேட்டால் கேட்கட்டும், கேட்காவிட்டால் வேறு ஆளைப் பார்க்கட்டும் என்று வேலையைவிட்டே வந்துவிடுகிறான். "இப்படியும் ஓடும்" என்று எவனாவது சொன்னால் பதில் சொல்லாமல் ஏணியை மடக்குகிறான்.

அவன் குடியிருப்பது நாலாவது மாடி. போன வாரம் அவன் வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தபோது குழாய் தட்டுகிற சத்தம் கேட்டது. பிளாக்கில் அத்தனை வீட்டிலும் டிவி சத்தம் இறங்கியது. ஹோரியா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான், எப்போதும்போல. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, முழங்காலைத் திட்டிக்கொண்டே, மேலே இரண்டு மாடி, கீழே மூன்று மாடி, குழாய் போகிற வீடுகளின் கதவையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டினான்.

"யாராவது கூப்பிட்டீங்களா? யாரும் விழுந்துட்டீங்களா?"

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா ஹோரியா அண்ணே!" என்று கீழ்வீட்டுக்காரி தலையில் கைவைத்துக்கொண்டாள். "நான்தான் தட்டினேன். உங்க ரேடியோ சத்தம் தாங்கல. குழந்தை தூங்கணும்."

"நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

"நான் நல்லா இருக்கேன். போங்க, போய்ப் படுங்க."

மற்ற வீடுகளிலும் எல்லாரும் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோதான் இருந்தார்கள். ஒருவர் விடாமல் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கு ஏறினான். ரேடியோவைக் கொஞ்சமாகக் குறைத்தான். குழந்தை தூங்க வேண்டுமே. ஆனால் நிறுத்தவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, அதைப் பாடவிட்டே படுத்துக்கொண்டான்.